வேட்டை மானின் இறைச்சி: நோயை அறிதலும் உண்பது குறித்துத் தீர்மானித்தலும்

2023 நவம்பரில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இறந்து கிடந்த ஒரு மியூல் மானுக்கு நாட்பட்ட நலிவு நோய் இருந்தது உறுதி செய்யப்பட்டது. அப்பூங்காவில் இந்நோய் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. 2024 தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும், அதே ஆண்டில் கலிபோர்னியா, வாஷிங்டன், இண்டியானா மாநிலங்களிலும், 2025 ஜனவரியில் ஜார்ஜியாவிலும் முதன்முறையாக நோயுற்ற மான்கள் அறியப்பட்டன. இன்று அமெரிக்காவின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்நோய் பரவியுள்ளது. செய்தி ஊடகங்கள் இதற்கு 'ஜாம்பி மான் நோய்' என்று பெயரிட்டுவிட்டன. அச்சத்தை வளர்க்கும் அந்தப் பெயர், அறிவுக்கு எதையும் தருவதில்லை. நோயுற்ற மான்களுள் பெரும்பாலானவை சுடப்படும் நாளில் முற்றிலும் நலமான மான்களைப் போலவே தோன்றுகின்றன என்பதே மக்கள் முதலில் அறிய வேண்டிய செய்தி.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். ஆகவே இவ்விளக்கம் வேட்டை சட்டப்படி நடைபெறும் வட அமெரிக்காவைப் பற்றியது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுள் தாமே வேட்டைக்குச் செல்வோர் சிலரே. ஆயினும் உடன் பணிபுரிபவரோ அண்டை வீட்டாரோ அன்புடன் கொடுத்த ஒரு பொதி மான் இறைச்சி வீட்டின் உறைபெட்டியில் இருப்பது அரிதன்று. அவ்வீட்டில் கருவுற்ற பெண்ணோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ, மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்பவரோ, சிறு குழந்தையோ இருந்தால் அந்தப் பொதியைப் பற்றிச் சில கேள்விகளை எழுப்பியே ஆக வேண்டும்.

நாட்பட்ட நலிவு நோய் என்பது யாது

1967 இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், ஆய்வுக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மியூல் மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து இறந்தன. தீவனக் குறைபாடு என்றே முதலில் கருதப்பட்டது. 1970களின் இறுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் அம்மான்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அது கடற்பஞ்சைப் போலத் துளைகள் விழுந்து சிதைந்திருப்பதைக் கண்டார். ஆடுகளின் ஸ்கிரேப்பி, மாடுகளின் 'பைத்திய மாட்டு நோய்', மனிதரின் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் ஆகியவற்றோடு உறவுடைய நோய் இது. இவை அனைத்துக்கும் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அன்று. பிரையான் எனப்படும், வடிவம் பிறழ்ந்த ஒரு புரதமே காரணம். பிறழ்ந்த புரதம் தன்னருகே உள்ள இயல்பான புரதத்தையும் தன் வடிவுக்கு மாற்றிவிடுகிறது. பிரையானைக் கண்டறிந்தமைக்காக ஸ்டான்லி புருசினர் 1997 இல் நோபல் பரிசு பெற்றார்.

வெண்வால் மான், மியூல் மான், எல்க், மூஸ், துருவமான் ஆகிய மான் இனங்களை இந்நோய் தாக்குகிறது. உமிழ்நீர், சிறுநீர், சாணம், இறந்த உடல் ஆகியவற்றின் வழியே பிரையான் மண்ணில் சேர்ந்து பல ஆண்டுகள் தொற்றும் தன்மையை இழக்காமல் கிடக்கிறது. நோய் ஒரு நிலப்பகுதிக்குள் புகுந்துவிட்டால் அதனை வெளியேற்றுவது மிகக் கடினம் என்பதற்கு இதுவே காரணம். நார்வே நாடு 2016 இல் தன் துருவமான்களிடம் நோயைக் கண்டதும், நோர்ட்ஃபியெல்லா பகுதியிலிருந்த 2,000க்கும் மேற்பட்ட மான்களைக் கொண்ட மந்தை முழுவதையும் 2018க்குள் அழித்தது. அத்தகைய கடுமையான நடவடிக்கை வட அமெரிக்காவில் இன்று நினைத்துப் பார்க்க இயலாதது. தென்மேற்கு விஸ்கான்சினின் சில பகுதிகளில் முதிர்ந்த ஆண் மான்களுள் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை நோயுற்றுள்ளன.

தொற்று ஏற்பட்டு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மானிடம் எந்த அறிகுறியும் தோன்றாது. பின்னர் அது உடல் மெலிந்து, விலா எலும்புகள் தெரிய நிற்கும், தலையைத் தாழ்த்தி, காதுகளைத் தொங்கவிட்டுக் கொள்ளும், வாயில் எச்சில் ஒழுகும், தள்ளாடி நடக்கும், மிகுதியாக நீர் பருகும், மனிதரைக் கண்டு அஞ்சி ஓடாது. இந்நிலையிலுள்ள மானை அனுபவமுள்ள வேட்டைக்காரர் எவரும் உணவுக்காகச் சுடமாட்டார். அறிகுறி தோன்றாத மானிடமே இடர் உள்ளது. 'நன்கு கொழுத்திருந்தது, துள்ளி ஓடியது' என்று கொடுத்தவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அம்மான் நோயற்றது என்பதற்கு அது சான்றாகாது.

மனிதருக்குப் பரவுமா

இதுவரை எந்த மனிதருக்கும் மானிடமிருந்து இந்நோய் பரவியதாக உறுதி செய்யப்படவில்லை. நோயுள்ள மான்களின் இறைச்சியை மக்கள் உண்ணாததால் அல்ல இந்நிலை, உண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். வனவிலங்கு நலனுக்காக இயங்கும் ஓர் அமைப்பு, ஆண்டொன்றுக்கு 7,000 முதல் 15,000 வரையிலான நோயுற்ற விலங்குகள் அறியாமலே உண்ணப்படுகின்றன என்று 2017 இல் மதிப்பிட்டது. 2005 இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா மாவட்டத்தில் தீயணைப்புக் குழுவினர் நடத்திய ஊர் விருந்தொன்றில் மான் இறைச்சி பரிமாறப்பட்டது. அம்மானுக்கு நோய் இருந்ததென்ற ஆய்வு முடிவு விருந்து முடிந்த பின்னரே வந்தது. அவ்விருந்தில் கலந்துகொண்டோருள் 80 பேருக்கு மேல் தாமாக முன்வந்து பல ஆண்டுகள் கண்காணிப்புக்கு உட்பட்டனர். நோயால் விளைந்ததெனக் கூறத்தக்க உடல்நலக் கேடு எதுவும் அவர்களிடம் வெளியிடப்பட்ட ஆய்வுக்காலத்தில் காணப்படவில்லை.

ஆய்வகச் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் மக்காக் குரங்குகளுக்கு நோயுற்ற மானின் திசுவைச் செலுத்தி 13 ஆண்டுகள் வரை கவனித்தனர். நோய் பரவியதற்கான சான்று கிடைக்கவில்லை என்று 2018 இல் அறிவித்தனர். கனடா அறிவியலாளர் தலைமையிலான மற்றொரு குழுவோ, நோயுற்ற மானின் தசையை உண்ட மக்காக் குரங்குகள் சிலவற்றிடம் தொற்றின் அடையாளங்கள் தென்பட்டதாக 2017 இல் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. அணில் குரங்குகளுக்கு இந்நோய் பரவுவது முன்னரே நிறுவப்பட்டது. எனினும் மனிதருக்கு அணில் குரங்கைவிட மக்காக் குரங்கே மரபுவழியில் நெருங்கியது. 2024 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித மூளைத் திசு உருண்டைகள் நோயுற்ற மான்களின் பிரையானுக்கு உட்படுத்தப்பட்டும் தொற்றுக்கு ஆளாகவில்லை. மானுக்கும் மனிதருக்கும் இடையேயான இனத்தடை வலுவானது என்பதே இவற்றை ஒருசேர நோக்குவோர் பலரின் கருத்து.

அப்படியானால் எதற்கு இத்தனை எச்சரிக்கை? பிரிட்டனின் அனுபவமே விடை. 1986 இல் மாடுகளிடம் அடையாளம் காணப்பட்ட நோய் மனிதருக்குப் பரவாது என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அவ்வாறே அரசும் மக்களுக்கு உறுதி கூறியது. 1996 இல் அந்நம்பிக்கை பொய்த்தது. அதனால் விளைந்த மாறுபட்ட குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய்க்குப் பிரிட்டனில் மட்டும் 178 பேர் பலியாயினர். உண்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே பத்தாண்டுகளோ அதற்கு மேலோ கடக்கக்கூடிய நோயில், 'இதுவரை ஒருவருக்கும் வரவில்லை' என்பது ஆறுதல் தரும் செய்தியே தவிர இறுதித் தீர்ப்பன்று. ஆதலால் சுகாதார அதிகாரிகளின் பரிந்துரை எளிதாக அமைந்துள்ளது: நோய் காணப்படும் பகுதியில் வேட்டையாடிய மானை ஆய்வுக்கு உட்படுத்துக, முடிவு வரும்வரை உண்ணாதிருக்க, நோய் உறுதியானால் அவ்விறைச்சியை உண்ணாதீர்.

குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயாளியைப் பேணுவோருக்கு

2024 இல் அமெரிக்க நரம்பியல் மாநாடொன்றில் டெக்சாஸ் மருத்துவர்கள் ஓர் அறிக்கையை முன்வைத்தனர். நோயுற்ற மான்கள் உள்ள கூட்டத்திலிருந்து பெற்ற இறைச்சியை உண்டுவந்த 72 வயது முதியவர் ஒருவர், திடீரென ஏற்பட்ட மனக்குழப்பத்துடன் மருத்துவமனைக்கு வந்து ஒரு மாதத்திற்குள் இறந்தார். அதே கூட்டத்து மான் இறைச்சியை உண்ட அவருடைய நண்பரும் முன்னர் அந்நோயாலேயே இறந்திருந்தார். மானுக்கும் இம்மரணங்களுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அவ்வறிக்கையின் ஆசிரியர்களே தெளிவாகக் கூறினர். தலைப்புச் செய்திகளில் அந்த வரி இடம்பெறவில்லை.

இச்செய்தியைப் படித்துவிட்டு, இந்நோயால் பாதிக்கப்பட்ட தம் தந்தையோ கணவரோ எப்போதோ உண்ட மான் இறைச்சியை எண்ணித் தம்மையே நொந்துகொள்ளும் குடும்பத்தினர் உண்டு. அவர்கள் அறிய வேண்டியது: குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு ஏற்படுகிறது. மானே இல்லாத நாடுகளிலும், இறைச்சியே உண்ணாதவரிடமும் ஏற்படுகிறது. பத்தில் எட்டுக்கு மேற்பட்ட நேர்வுகளில் புறக்காரணம் எதுவும் இல்லை. மூளைப் புரதம் தானாகவே பிறழ்கிறது. வேட்டை பரவலாக உள்ள ஒரு நாட்டில், இந்நோய்க்கு ஆளானோருள் சிலர் மான் இறைச்சி உண்டவராக இருப்பது எண்ணிக்கையளவிலேயே எதிர்பார்க்கத்தக்கது. ஒரே வட்டாரத்தில் இருவருக்கு நோய் வருவதும் தற்செயலாக நிகழக்கூடியதே.

எனினும் நோயாளி வேட்டையாடியவராகவோ மான் இறைச்சி உண்டவராகவோ இருப்பின் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். எந்த வட்டாரத்து மான், எந்த ஆண்டுகளில் என்பதை நினைவுள்ளவரை எழுதிக் கொடுங்கள். இந்நோயின் வகையை ஐயமற அறிவதற்கு இறப்பிற்குப் பின் செய்யப்படும் மூளைத் திசு ஆய்வே வழி. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரிலுள்ள தேசியப் பிரையான் நோய்க் கண்காணிப்பு மையம் இதனை மேற்கொள்கிறது. துயரத்தின் நடுவே இசைவு தருவது எளிதன்று. ஆனால் மான் நோய் மனிதருக்குத் தாவியதா என்னும் வினாவுக்கு என்றேனும் விடை கிடைக்குமானால், அது இத்தகைய இசைவுகளின் வழியேதான் கிடைக்கும்.

ஆய்வு முடிவைப் புரிந்துகொள்ளல்

மானின் தொண்டைப் பகுதியிலுள்ள நிணநீர்க் கணுக்களும் மூளைத்தண்டின் ஒரு பகுதியும் ஆய்வுக்கு எடுக்கப்படுகின்றன. வேட்டைக்காரர் மானின் தலையை வனவிலங்குத் துறையின் சேகரிப்பு இடத்தில் ஒப்படைத்து ஓர் எண்ணைப் பெறுகிறார். முடிவு வரச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை இறைச்சியை அந்த எண்ணுடன் உறைபெட்டியில் தனியே வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு இறைச்சி கொடுப்பவரிடம் அந்த எண்ணைக் கேட்பதில் தவறில்லை. பொறுப்புள்ள வேட்டைக்காரர் அதனை அவமதிப்பாகக் கருதமாட்டார்.

'கண்டறியப்படவில்லை' என்று வரும் முடிவை 'நோய் இல்லை' என்று பொருள்கொள்ளலாகாது. தொற்றின் மிகத் தொடக்கத்தில் கணுக்களில் பிரையான் சேர்ந்திராது. ஆயினும் அத்தகைய முடிவு பெற்ற மானின் இறைச்சியை உண்பதில் உள்ள இடர் மிகவும் குறைவென்றே சுகாதார அதிகாரிகள் கருதுகின்றனர். இன்னொரு சிக்கலும் உண்டு. வணிக இறைச்சிக்கூடங்கள் சிலவற்றில் பல மான்களின் இறைச்சியை ஒன்றாகக் கலந்து அரைத்துவிடுகிறார்கள். அப்படியானால் ஒரு மானின் ஆய்வு முடிவு உங்கள் பொதிக்குப் பொருந்தாது. தனித்தனியே வெட்டித் தரும்படி கேட்டிருந்தார்களா என்பதை உசாவி அறிக.

மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், டான்சில், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் பிரையான் மிகுதி. தசையிலும் அது உண்டு. எனவே எலும்பு நீக்குவது இடரைக் குறைக்குமே தவிர முற்றிலும் போக்காது. நம் வழக்கப்படி ஆட்டுத் தலைக்கறியும் மூளை வறுவலும் சமைப்பதுபோல் மானின் தலையையோ மூளையையோ சமைக்க எண்ணுவோர் அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டும்.

சமைத்தால் பிரையான் அழியாது. அழுத்தக் கொதிகலனில் எத்தனை விசில் வைத்தாலும் அழியாது. மஞ்சள், மிளகு, பூண்டு எதற்கும் அந்த ஆற்றல் இல்லை. வெட்டிய கத்தியையும் எஃகுப் பரப்புகளையும் முதலில் கழுவித் திசுத்துணுக்குகளை நீக்கியபின், வீட்டு உபயோக பிளீச் திரவத்தின் 40 விழுக்காட்டுக் கரைசலில் 5 நிமிடம் ஊறவைப்பது பிரையானைச் செயலிழக்கச் செய்வதாக ஆய்வு காட்டுகிறது. பரப்பில் உள்ளதற்கு மட்டுமே இது பொருந்தும். திசுவின் உள்ளே இருப்பதை பிளீச் எட்டாது.

பிரையானைவிட அன்றாட இடர்கள்

பொதுமக்களின் கவனம் முழுவதும் நலிவு நோயின்மேல் குவிந்திருக்க, மான் இறைச்சியால் மனிதர் உண்மையில் நோயுற்ற நிகழ்வுகள் வேறு காரணங்களால் நேர்ந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை.

2003 இல் ஜப்பானில், சிகா மானின் இறைச்சியைப் பச்சையாக உண்ட இரு குடும்பத்தினருள் நால்வர் கல்லீரல் அழற்சி ஈ வைரஸால் பாதிக்கப்பட்டனர். உறைபெட்டியில் மீந்திருந்த இறைச்சியிலிருந்த வைரஸும் நோயாளிகளின் உடலிலிருந்த வைரஸும் ஒன்றே என்று மரபணு ஆய்வு காட்டியது. உணவின் வழியே இவ்வைரஸ் பரவுவதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்றாக அது கருதப்படுகிறது. கருவுற்றோர், ஏற்கனவே கல்லீரல் நோயுள்ளோர், மாற்றுறுப்புப் பெற்றோர் ஆகியோருக்கு இத்தொற்று கடுமையாகலாம்.

2017 இல் விஸ்கான்சினில் ஓய்வுக்கூட்டம் ஒன்றில் சரியாக வேகாத மான் இறைச்சியை உண்ட ஒன்பது பேருக்கு டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணித் தொற்று ஏற்பட்டது. மானின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு கூடுகளாக இவ்வொட்டுண்ணி தங்கியிருக்கும். கருவுற்ற பெண்ணிடமிருந்து கருவிலுள்ள சிசுவுக்குச் சென்று கண்ணையும் மூளையையும் பாதிக்கவல்லது. 2010 இல் மின்னசோட்டா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளியொன்றில் மாணவர்கள் தாமே மானை வெட்டி, வாட்டி உண்டபின் 29 பேர் ஈ.கோலை தொற்றுக்கு ஆளாயினர். குடல் கிழிந்து இறைச்சியில் பட்டதும், சுத்தம் செய்யாத கத்தியும், பாதி வெந்த இறைச்சியும் சேர்ந்தால் நிகழ்வது இதுவே.

இவற்றை வெப்பம் வெல்லும். முழுத் துண்டுகளையும் அரைத்த இறைச்சியையும் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை சமைக்க வேண்டும். நம் வீடுகளில் குழம்பாகவோ வறுவலாகவோ நெடுநேரம் வேகவைக்கும் வழக்கம் இவ்வகையில் நமக்குக் காப்பாக அமைந்துள்ளது. உப்புக்கண்டம் போடுவோர் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். வெயிலிலோ உலர்த்துப் பெட்டியிலோ காயவைப்பது மட்டும் ஈ.கோலையைக் கொல்லாது. உலர்த்துவதற்கு முன்பே இறைச்சியை 71 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். உறையவைத்தால் கிருமிகள் இறந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. சில நாட்கள் நன்கு உறைந்த இறைச்சியில் டாக்ஸோபிளாஸ்மா பெரும்பாலும் அழியும். பாக்டீரியாக்களோ பிழைத்துக் கிடக்கும்.

காசநோயும் மான்களிடம் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் வடகிழக்கில் 1990களின் நடுவிலிருந்து வெண்வால் மான்களிடையே மாட்டுக் காசநோய் நிலைத்துள்ளது. 2004 இல் அங்கு ஒரு வேட்டைக்காரர் மானின் குடலை நீக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். அப்புண்ணில் அதே காசநோய்க் கிருமி வளர்ந்தது. விலா எலும்புக் கூட்டின் உட்புறத்திலும் நுரையீரலிலும் பட்டாணி அளவிலான, மஞ்சளோ பழுப்போ கலந்த கட்டிகள் தென்பட்டால் காசநோயை ஐயுற வேண்டும். அம்மானை மேலும் வெட்டாமல் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காசநோய்க் கிருமியை அழிக்க 74 டிகிரி வெப்பம் பரிந்துரைக்கப்படுகிறது.

காரீயத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவே முதன்மையான இடர் என்பது நம் கருத்து. காரீயத் தோட்டா எலும்பில் மோதும்போது நுண்துகள்களாகச் சிதறி, காயத்திலிருந்து வெகுதொலைவு வரை தசைக்குள் பரவுகிறது. அத்துகள்களைக் கண்ணால் காணவோ பல்லால் உணரவோ இயலாது. வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் நன்கொடையாகத் தந்த அரைத்த மான் இறைச்சியை 2008 இல் ஒரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க, பல பொதிகளில் உலோகத் துகள்கள் வெளிப்பட்டன. வழங்கல் நிறுத்தப்பட்டது. பின்னர் அம்மாநிலத்தில் 738 பேரின் இரத்தத்தை ஆராய்ந்ததில், வேட்டை இறைச்சி உண்போரின் இரத்தத்தில் காரீயம் சற்றே மிகுதியாக இருந்தது. அந்த அளவு பெரியோருக்கு உடனடித் தீங்கு தருவதன்று. குழந்தையின் வளரும் மூளைக்கோ, பாதுகாப்பானது என்று கூறத்தக்க காரீய அளவே இல்லை. புளியோ எலுமிச்சையோ வினிகரோ சேர்த்து ஊறவைத்துச் சமைக்கும்போது இறைச்சியிலுள்ள காரீயம் கூடுதலாகக் கரைகிறது என்பதையும் நம் சமையலறைகள் நினைவில் கொள்ள வேண்டும். செம்புத் தோட்டாவாலோ அம்பாலோ வீழ்த்தப்பட்ட மானில் இவ்விடர் இல்லை. அதனை உறுதியாக அறிய முடியாதபோது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அரைத்த மான் இறைச்சியைத் தவிர்ப்பதே நன்று.

பார்க்க அருவருப்பானவை, ஆயினும் தீங்கற்றவை

மானின் தோலில் காணப்படும் கருநிற மருக்கள் ஒரு வைரஸால் உண்டாகுபவை, தோலோடு நீங்கிவிடும், மனிதருக்குப் பரவா. மூக்குத் துளைக்குள்ளும் தொண்டையிலும் நெளியும் ஈப்புழுக்களும், கல்லீரலில் காணப்படும் பெரிய தட்டைப்புழுவும் தசையைக் கெடுப்பதில்லை. கல்லீரலை மட்டும் எறிந்துவிடலாம். கோடையின் இறுதியில் நீர்நிலைகளின் ஓரம் கூட்டமாக மான்கள் இறந்து கிடப்பது பெரும்பாலும் சிறு கடிபூச்சிகள் பரப்பும் இரத்தக்கசிவு நோயால். அவ்வைரஸும் மனிதரைத் தாக்குவதில்லை. இருப்பினும் இறந்து கிடக்கும் மானை எக்காரணம் கொண்டும் உணவுக்கு எடுக்கலாகாது. டெக்சாஸின் தென்மேற்கில் கோடைக்காலத்தில் மான்களிடையே அடைப்பான் நோய் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அங்கு இறந்த மானைத் தொடுவதே ஆபத்து.

ஓரிடத்தில் மட்டும் உள்ள பழைய சீழ்க்கட்டியை அகன்ற சதையோடு வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் சீழ் மார்பறையிலோ வயிற்றறையிலோ பரவியிருந்தால், இறைச்சி பச்சை கலந்தோ கருத்தோ துர்நாற்றத்துடனோ இருந்தால், மான் எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தால் முழு உடலையும் கழித்துவிட வேண்டும். இவ்விடத்தில் சிக்கனம் பாராட்டுவது பொருந்தாது.

மருத்துவரை எப்போது நாட வேண்டும்

மான் இறைச்சி உண்ட சில நாட்களுக்குள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். மருத்துவர் கூறாமல் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையோ மீதமிருக்கும் நுண்ணுயிர்க்கொல்லியோ தராதீர், சிலவகை ஈ.கோலை தொற்றில் அவை சிறுநீரகச் செயலிழப்பின் வாய்ப்பைக் கூட்டக்கூடும். குழந்தை வெளிறி, சிறுநீர் குறைந்து, சோர்ந்து படுத்தால் அது அவசர நிலை. ஓரிரு வாரங்களில் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், கடும் உடல்வலி, பார்வை மங்கல் ஆகியன தோன்றினாலும், சில வாரங்கள் கழித்து மஞ்சள் காமாலை கண்டாலும் மான் இறைச்சி உண்டதை மருத்துவரிடம் கூறவும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர். பெரும்பாலான மருத்துவர்கள் இதனைக் கேட்கமாட்டார்கள். கருவுற்ற பெண், சரியாக வேகாத மான் இறைச்சியை உண்டுவிட்டதாக அறிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் இரத்தப் பரிசோதனை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேச வேண்டும். மானை வெட்டியவரின் கையிலுள்ள புண் பல வாரங்களாக ஆறாமல் இருப்பதும் கவனிக்கத்தக்கது.

நோயுற்றதெனப் பின்னர் அறிவிக்கப்பட்ட மானின் இறைச்சியை ஏற்கனவே உண்டுவிட்டவருக்குத் தடுப்பு மருந்தோ பரிசோதனையோ இல்லை. இதுவரை கிடைத்துள்ள சான்றுகளின்படி தேவையும் எழவில்லை. எஞ்சிய இறைச்சியை வனவிலங்குத் துறை கூறும் முறையில் அப்புறப்படுத்துங்கள். காட்டோரத்தில் வீசாதீர், தோட்டத்தில் புதைக்காதீர். உண்ட நாளையும் மானின் ஆய்வு எண்ணையும் உங்கள் மருத்துவக் கோப்பில் குறித்து வைக்கும்படி குடும்ப மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.